மூன்றாம் நடுவர்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. இரும்புலியூர் வீட்டில் குமரவேல் கண்ணாடி முன் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பின்னறையில் சுபத்ரா அவருடைய நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவளுடைய முதுகும் பின்னலும் மட்டும் தெரிந்தன.

வியாழக்கிழமை பார்த்ததை அவர் இன்னும் மனைவியிடம் கேட்கவில்லை.

குமரவேல் மின்சார ரயில் ஓட்டுநர். வியாழக்கிழமை காலை செங்கல்பட்டு வண்டியை ஊரப்பாக்கத்துக்குள் கொண்டுவந்தபோது, மகள் ஓவியா வழக்கமான இடத்தில் வண்டிக்காக நின்றிருந்தாள். எதிர் நடைமேடையில் ஒரு தூணுக்குப் பின்னால், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு இன்னொருத்தி நின்றாள். அவள் கண் ஓவியாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அது சுபத்ரா என்று குமரவேலுக்குப் புரிவதற்குள் அவருடைய வண்டியே குறுக்கே போய் நின்று, தாயிடமிருந்து மகளை மறைத்துவிட்டது.

ஓவியா அம்மாவோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஊரப்பாக்கத்தில் தனியாக ஒரு வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அப்பாவோடு மட்டும் தினமும் போனில் பேசுவாள். இன்னும் ஒன்பது நாளில் ஹைதராபாத் போகிறாள். அங்கே வீடியோ கேம் செய்கிற ஒரு கம்பெனியில் கதை எழுதும் வேலை கிடைத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஜோனத்தான். அஸ்தினாபுரத்துப் பையன். ஓவியாவோடு காட்டாங்குளத்தூரில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தவன். அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஓவியா வந்து சொன்ன அன்றைக்கே சுபத்ரா நேருக்கு நேர் மறுத்தாள். வேற மதம், நம்ம சனம் காறித் துப்பும், எனக்கு இஷ்டமில்லை என்று அடுக்களையில் நின்று கத்தினாள். குமரவேல் கத்தவில்லை. மகளைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குச் சம்மதம்தான், அம்மாவை நான் பேசிச் சரிக்கட்டுகிறேன் என்று சொன்னார்.

பதினைந்து நாள் கழித்து ஜோனத்தானிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘உன் கல்யாணம் முடிவானதை உங்க அம்மா சொல்லி அனுப்பிட்டாங்க. நீயே சொல்லியிருக்கலாம். நல்லா இரு.’ அதோடு அவன் நம்பரை மாற்றிக்கொண்டான், கல்லூரிக்கும் வரவில்லை; ஓவியாவால் அவனைப் பிடிக்கவே முடியவில்லை. அடுத்த மாதம் வேலை கிடைத்து வெளிநாடு போனான் என்று கேள்வி.

நான் யாரிடமும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்றாள் சுபத்ரா. ஓவியா நம்பவில்லை. எதிர்த்தவள் அவள் ஒருத்திதானே.

உண்மையில் அஸ்தினாபுரம் போய்விட்டு வந்தவர் குமரவேல்.

அன்று முதல் அவர் மகளுக்கு நல்ல அப்பாவாகவே இருந்துவந்தார். அவளுடைய விளையாட்டில் கூடச் சேர்ந்துகொண்டார். ஓவியாவும் அவளுடைய நண்பர்கள் எட்டுப் பேரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு விண்வெளிக் கதையை விளையாடுவார்கள். ஓவியா கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கப்பலின் தலைவர்கள். கதையில் வருகிறவர்கள் முகிலர் என்ற போர்க்குலம். அவர்களுடைய கப்பல்களில் முகில்திரை என்று ஒன்று உண்டு. அதை மூடிக்கொண்டால் எந்தக் கண்ணுக்கும் எந்தக் கருவிக்கும் கப்பல் தெரியாது.

ஆனால் அந்தக் குலத்துக்கு ஒரு சட்டம். மறைந்து வரலாம், மறைந்து போகலாம், வேவு பார்க்கலாம். அடிக்கும்போது மட்டும் திரையை விலக்க வேண்டும். தன் பெயரையும் கப்பலின் பெயரையும் எதிரிக்குச் சொல்லிவிட்டுத்தான் முதல் குண்டு. மறைந்தபடி அடித்தவனுடைய பெயரைக் குலத்தில் யாரும் அதற்குப் பிறகு வாயால் சொல்லமாட்டார்கள்.

அந்தச் சட்டத்தை ஓவியா எழுதியது, வீட்டை விட்டு வெளியேறிய மாதத்தில். எழுதி முடித்த அன்றே போனில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். நல்லா கீதும்மா என்றார் குமரவேல்.

நேற்றும் அவள் கூப்பிட்டிருந்தாள். போன மாதம் ஒரு தலைவன் மறைந்து நின்று அடித்துவிட்டான், நாளைக்கு அவன்மேல் விசாரணை, மூன்று நடுவர்களில் மூன்றாவது நீதான் என்றாள். “உன் கப்பல்தான்பா ஒரு தடவைகூட மறைஞ்சு அடிச்சதில்ல. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.”

குமரவேல் சரி என்று சொல்லிவிட்டார். அவளிடம் அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். சட்டையை வாங்கிக்கொண்டவர் போட்டுக்கொள்ளாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

“வியாழக்கெழம ஊரப்பாக்கத்துல நின்னுகினு இருந்தியே” என்றார்.

சுபத்ரா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினாள். ஒரு வருஷமாகவே போவதாகச் சொன்னாள். வாரத்தில் இரண்டு நாள், அவர் காலை டூட்டிக்குப் போன பிறகு. யாராவது கேட்டால் மார்க்கெட் என்று சொல்லிக்கொள்வாளாம். ஓவியா இளைத்திருக்கிறாள், ஒரே செருப்பை எட்டு மாதமாகப் போடுகிறாள், பச்சைச் சுடிதார் போட்ட அன்றைக்கு மட்டும் தலையில் பூ வைக்கிறாள். எல்லாம் எதிர் நடைமேடையிலிருந்து தெரிந்துகொண்டவை.

“கிட்டப் போய்ப் பேசறதுதானே?”

“பேசினா மொகத்தைத் திருப்பிக்குவா. இப்ப அந்த மொகமாச்சும் தெரியுது.”

குமரவேல் சட்டையை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதை அன்று எப்படியாவது துப்பிவிட நினைத்தார்.

“சுபத்ரா, அன்னிக்கி அஸ்தினாபுரத்துக்கு...”

“தெரியும்” என்றாள் அவள்.

அவள் குரலில் ஒன்றுமே இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். அந்தச் செய்தி வந்த வாரமே தெரியும் என்றாள். அவர் டூட்டி என்று சொல்லிப் போன ஒரு நாள் மத்தியானம், கூட வேலை பார்க்கும் குப்புராஜ் வீட்டுக்கு வந்து, குமரவேலுக்கு உடம்பு சரியில்லையா, லீவு போட்டிருக்கிறாரே என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜோனத்தானின் செய்தியை ஓவியா முகத்துக்கு நேரே நீட்டியபோது எல்லாம் விளங்கிவிட்டது.

“நான் அனுப்பல. அப்ப வேற யாரு? இந்த வூட்டுல மிச்சம் இருந்தது ஒரு ஆளுதான்.”

“ஏன் அவகிட்ட சொல்லல?”

“சொன்னா உங்களையும் விட்டுட்டுப் போயிருப்பா. அப்புறம் அவளுக்கு இங்க யாரு கீறாங்க? ஒருத்தர் மேலயாச்சும் பாசம் இருந்தாத்தான் என்னிக்காச்சும் இந்தப் பக்கம் திரும்புவா.” இஸ்திரிப் பெட்டியைப் பரணுக்கு அடியில் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். “உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. உங்களுக்காக இல்ல.”

குமரவேல் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் வரைக்கும் அவள் வரவில்லை.

*

காட்டாங்குளத்தூரில் ஷ்யாம்சுந்தர் நடத்தும் டியூஷன் சென்டரின் மாடி அறைதான் அவர்கள் கூடும் இடம். விசாரணையை எதிர்கொள்கிற தலைவனும் அந்த ஷ்யாம்சுந்தர்தான். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ கப்பல்களின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். குமரவேலின் கப்பலுக்கு ‘அந்தி’ என்று பெயர். அது முதலாவதாக இருந்தது.

ஓவியா அப்பாவுக்கு என்று ஒரு நாற்காலியை ஃபேனுக்கு நேரே இழுத்துப் போட்டாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். ஹைதராபாதில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னாள். உனக்கு ஒரு ரூம் இருக்கு, லீவு கிடைச்சா வந்துடு என்றாள். குமரவேல் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

விசாரணை ஆரம்பித்தது. விளையாட்டுதான் என்றாலும் அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஷ்யாம்சுந்தர் எழுந்து தன் பக்கத்தைச் சொன்னான். எதிரிக் கப்பல் தன் கப்பலைப்போல மூன்று மடங்கு பெரியது. திரையை விலக்கிப் பெயரைச் சொல்லியிருந்தால் அடுத்த மூச்சில் தான் சாம்பல். பின்னால் தன் குலத்துக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுக்கு நல்லது என்று நினைத்ததைத்தான் செய்தேன் என்றான். நன்றாகவே பேசினான். ஒருவர் இருவர் தலையை ஆட்டினார்கள்.

முதல் நடுவர் கஸ்தூரிரங்கன், ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர். சட்டம் உயிர்களுக்காகத்தான், உயிர்கள் சட்டத்துக்காக இல்லை, ஆகவே மன்னிக்கலாம் என்றார்.

இரண்டாம் நடுவர் ஸ்நேகா. கடைசி வருஷம் படிக்கிறவள். அவள் எழுந்து நின்றே பேசினாள்.

“நேர்ல வந்தா தோத்துடுவோம்னு தெரிஞ்சுதான் ஒருத்தர் ஒளிஞ்சு அடிக்கிறாரு. அப்ப அவருக்கே தெரியும், தன் பக்க நியாயம் நிக்காதுன்னு. அதை நல்லதுன்னு சொல்லக் கூடாது சார். பேரை எடுத்துடணும்.”

ஒன்றுக்கு ஒன்று. எல்லாரும் குமரவேலைப் பார்த்தார்கள். ஓவியா கையில் பேனாவோடு, கொஞ்சம் பெருமையோடும்கூட, அவரைப் பார்த்தாள்.

குமரவேல் ஷ்யாம்சுந்தரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“நீ அடிச்சே. அவங்களுக்கு உன்னைத் தெரியல. அப்ப யாரு அடிச்சதா நினைச்சாங்க?”

ஷ்யாம்சுந்தர் யோசித்தான். அதைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை. பக்கத்தில் இன்னொரு கப்பல் திரையில்லாமல் போய்க்கொண்டிருந்தது, அதுதான் என்று நினைத்திருக்கலாம் என்றான்.

“அந்தக் கப்பலுக்கு அப்புறம் இன்னா ஆச்சு?”

ஷ்யாம்சுந்தர் ஓவியாவைப் பார்த்தான். ஓவியா தன் நோட்டைப் புரட்டினாள். இரண்டு பக்கம் முன்னால் போனாள், பின்னால் வந்தாள்.

“அதை நான் எழுதலப்பா” என்றாள். “அதைப் பத்தி யாருமே கேக்கல.”

குமரவேல் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். இந்தத் தீர்ப்பைச் சொல்லத் தன்னால் முடியாது என்றார். பிறகு மகளிடம், ஒரு நிமிஷம் வெளியே வா என்றார்.

*

மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டு சொன்னார். கீழே ஜெராக்ஸ் கடையின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் முதல் வாக்கியம் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. அதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு லீவு போட்டேன், அஸ்தினாபுரத்தில் ஜோனத்தான் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன் என்றார். அவன் வீட்டில் இல்லை. அவனுடைய அம்மா ஞானஜோதி மட்டும் இருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார். ஓவியாவோட அப்பாவா என்று அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டார். அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் குமரவேல் பொய் சொன்னார். ஓவியாவுக்கு அம்மா வழியில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, ஓவியாவும் ஒத்துக்கொண்டாள், உங்கள் பையனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, என் சம்சாரம்தான் சொல்லிவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினாள்.

“அந்தம்மா ஒரு தடவை கேட்டாங்க. உங்க வீட்டுக்காரங்களே சொன்னாங்களான்னு. ஆமான்னேன்.”

நான் வந்ததை வெளியே சொல்ல வேண்டாம், சம்சாரம் சொல்லி அனுப்பினாள் என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். ஞானஜோதி அப்படியே செய்துவிட்டார்.

ஓவியா சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று குமரவேல் எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“மொதல் வாரத்துலேர்ந்து. எனக்கே இன்னிக்கிக் காலையிலதான் சொன்னா.”

ஓவியா படியில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து ஒரு மாணவன் ஏறி வந்து, அவளைத் தாண்டிப் போகத் தயங்கி, திரும்பிப் போய்விட்டான். நெடுநேரம் அவள் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தீபாவளிக்கு அம்மா குப்புராஜ் மூலமாகக் கொடுத்தனுப்பிய புடவையை அவள் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தாள். காய்ச்சலில் கிடந்தபோது, அம்மா வருகிறேன் என்கிறாள் என்று அப்பா சொன்னதற்கு, வந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கேயாவது போய்விடுவேன் என்றாள். அந்தப் பதிலையும் அப்பாதான் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சொன்னார்.

அவள் எழுந்தாள்.

“நீங்க கெளம்புங்க” என்றாள்.

பேசப் பழகிய நாளிலிருந்து அவள் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். குமரவேல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவள் உள்ளே போனாள். மூன்றாம் நடுவர் விலகிக்கொண்டார், தீர்ப்பு இன்றைக்கு இல்லை என்று அவள் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. ஏன், என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதைக் கேட்க அவர் அங்கே நிற்கவில்லை.

காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து சுபத்ராவுக்குப் போன் செய்தார். சொல்லிட்டேன் என்றார். அந்தப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நின்றது. சரி என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

தாம்பரம் போகும் வண்டிகள் வந்தன, போயின. மூன்று வண்டிகளை விட்டார். முப்பது வருஷமாக ஒரு நிமிஷம் தாமதமானாலும் பதறுகிறவர், அன்று நேரம் பார்க்கவில்லை. ஓவியா ஊரப்பாக்கத்தில் இறங்கி வீட்டைப் பூட்டிக்கொள்வாள், ஒன்பது நாளில் ஹைதராபாத் போய்விடுவாள், அதற்குப் பிறகு இரண்டு பேருக்குமே அவள் குரல் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டார். சுபத்ரா இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றியதைத் தான் ஐந்து நிமிஷத்தில் உடைத்துவிட்டோமோ என்றும் பயந்தார்.

*

இரண்டரை மணிக்கு வீட்டு வாசலுக்கு வந்தபோது ஓவியாவின் செருப்பு கிடந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றார். கூடத்தில் ஓவியா தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். சுபத்ரா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் மகளின் தலை எட்டும். அவள் நீட்டவில்லை.

ஓவியா மன்னித்துவிடும்மா என்று மூன்று நான்கு தடவை சொன்னாள். சுபத்ரா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கி நான் இல்லன்னு சொன்னேன்” என்றாள் கடைசியில். “ஒரு தடவை சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன். நீ துணியெல்லாம் எடுத்து வெச்சிகினே இருந்தே. எனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு உன் மொகத்துக்கு நேரா சொன்னவ நான். அப்பிடிப்பட்டவ ஒனக்குத் தெரியாம ஆள் அனுப்புவாளான்னு நீ ஒரு நிமிசம் யோசிக்கல பாரு. அதான்.”

எழுந்து அடுக்களைக்குப் போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து மகளின் முன்னால் வைத்தாள். ஓவியா சாப்பிட்டாள். பாதிச் சோற்றோடு கை நின்றது, மறுபடி பிசைந்தது. சுபத்ரா குழம்பு ஊற்றினாள்.

குமரவேல் உள்ளே வந்தார். அவரை யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கை கழுவிக்கொண்டு வந்த ஓவியா அம்மாவிடம்தான் பேசினாள். நாளைக்குக் காலையில் அஸ்தினாபுரம் போக வேண்டும், ஞானஜோதி ஆன்ட்டியிடம் அம்மா பெயரைச் சொன்னது பொய் என்று அவரே அவர் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். அவர் என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற அப்பாவை. குமரவேல் வருகிறேன் என்றார்.

சுபத்ரா தலையை அசைத்தாள்.

“நாளைக்கு வேணாம். இவரும் வேணாம், நீயும் வேணாம். என் பேரைச் சொல்லித்தானே அந்தப் பொம்பள மனச ஒடைச்சிட்டு வந்தாரு. நான் அவங்க மூஞ்சியக்கூட பாத்ததில்ல. நான் போறேன்.”

ஓவியா தடுக்கப் பார்த்தாள். அவர்கள் என்ன சொல்வார்களோ, வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ என்றாள். நிறுத்தட்டும் என்றாள் சுபத்ரா. உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். வீட்டு நம்பரையும் தெருவையும் குமரவேலிடம் கேட்டாள். அவர் சொன்னதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கிப் போனாள்.

போகும்போது ஒன்று சொன்னாள். “அன்னிக்கி எனக்கு அந்தப் பையன் வேணான்னு இருந்தது. அதையும் அவங்ககிட்ட சொல்லிடுவேன். மறைக்க மாட்டேன்.”

*

வீட்டில் அப்பாவும் மகளும் தனியாக இருந்தார்கள். காலை வரைக்கும் இருவரும் அப்படி உட்கார்ந்தால் பேச்சு ஓயாது. இப்போது தொலைக்காட்சியைப் போடலாமா என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு மணிக்குக் குமரவேல் டீ போட்டார். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் குடிக்கவில்லை. ஆடை படிந்த டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“பிடிக்கலன்னு நீங்க சொல்லியிருக்கலாமே. அம்மா சொன்ன மாதிரி.”

குமரவேல் நேர்மையாகப் பதில் சொல்ல முயன்றார். ஊரில் அண்ணன்மார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு.

“சொல்லியிருந்தா நீ என்னை வெறுத்திருப்ப.”

“அம்மா சொன்னா. அவளை ரெண்டு வருஷம் வெறுத்தேன். நீங்க பொய் சொன்னீங்க. உங்களுக்கு ஹைதராபாத்ல ரூம் பார்த்து வெச்சேன்.”

நான் செத்திருக்கலாம் என்ற மாதிரி எதையாவது சொல்லி அவளை இளகவைக்கலாம் என்று ஒரு கணம் குமரவேலுக்குத் தோன்றியது. அதுவும் ஏமாற்று வேலைதான் என்று அடுத்த கணம் புரிந்து, வாயை மூடிக்கொண்டார். ஆறிய டீயை எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டினார். டம்ளரை வேண்டிய நேரத்தைவிட அதிகமாகக் கழுவினார்.

ஐந்தாயிற்று. சுபத்ரா போய் இரண்டு மணி நேரம். அஸ்தினாபுரம் அவ்வளவு தூரமில்லை. வாசலில் நிறுத்தியிருந்தால் இந்நேரம் திரும்பியிருப்பாள். ஓவியா வாசலுக்குப் போனாள், வந்தாள். போனை எடுத்தாள். அம்மாவின் நம்பரை அவள் தடுத்து வைத்திருந்தாள். அதை எப்படி எடுப்பது என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் தேடி அந்தத் தடையை நீக்கினாள்.

கூப்பிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. திரையில் அம்மா என்று வந்தது.

ஓவியா எடுத்துக் காதில் வைத்தாள். அம்மா என்றாள்.

சுபத்ராவின் குரல் அந்த அமைதியில் குமரவேலுக்கும் கேட்டது. அவள் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் நிதானமாகப் பேசினாள்.

“ஞானஜோதி பக்கத்துலதான் கீறாங்க. எல்லாம் சொல்லிட்டேன். அவங்களுக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். ஜோனத்தானைப் பத்தி. கேட்டா தாங்கிக்குவியான்னு என்னைக் கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?”

வெளியே ஒரு மின்சார ரயில் பெருங்களத்தூர்ப் பக்கம் போகும் சத்தம் வந்து, தேய்ந்து, அடங்கியது.

அது தனக்கான பேச்சில்லை என்று குமரவேல் எழுந்து வெளியே போகப் பார்த்தார். ஓவியா கையை நீட்டி, உட்காரும்படி சைகை செய்தாள். அவர் உட்கார்ந்தார்.

“போனை அவங்ககிட்ட குடும்மா” என்றாள் ஓவியா.